உங்களுதுல எவ்வளவு இருக்கு, சம்பந்தி?

செல்ஃபோன் கடையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பாப்பாவுக்கு ஒரு கேள்வி மட்டும் கேட்டுக் கேட்டுப் புளித்துப் போயிருந்தது. "இதுல சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்கும்?" விலை, நிறம், கேமரா எல்லாம் அப்புறம். கடைக்கு வருகிறவர் ஃபோனைக் கையில் வாங்கி, காய்கறியை எடை பார்ப்பது போல் இரண்டு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்பது இதைத்தான். பாப்பா ஒருநாளும் நேராகப் பதில் சொன்னதில்லை. "நீங்க எப்படி யூஸ் பண்றீங்கன்றதைப் பொறுத்தது சார்" என்பாள். அதில் பொய்யும் கிடையாது, யாருக்கும் உபயோகமும் கிடையாது.

முப்பது வயதைத் தாண்டியும் அவள் பாப்பாதான். முதலில் அப்படிக் கூப்பிட்டது அப்பா. கல்யாணமாகி வந்த வீட்டில் மாமனார் அதைக் கேட்டுத் தானும் கூப்பிட ஆரம்பித்தார். அவரைப் பார்த்துக் கணவனும் கூப்பிட்டான். பெயரைப் பறிகொடுத்தது பற்றி அவளுக்கு வருத்தமில்லை. பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

அப்பா தொலைதூர பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் எல்லாரும் அவரை டிரைவர் என்றுதான் சொல்வார்கள். எதையும் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்பது அவர் கட்சி. மாமனார் இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் என்றதும் போலீஸ் என்று நினைத்துப் பவ்யமாக எழுந்து நிற்பவர்களை அவர் உடனே திருத்த மாட்டார். கொஞ்ச நேரம் நிற்கவிட்டுத்தான் திருத்துவார். உண்மையில் அவர் எடை அளவு இலாகாவில் இருந்தவர். கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கற்களையும் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். ரிட்டையர் ஆன பிறகும் வீட்டுக்குப் பால் வந்தால் அளவைக் கண்ணாலேயே அளந்து விடுவார்.

இந்த இருவரும் ஒரே கூரைக்கு அடியில் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் ஒரு தண்ணீர்க் குழாய். அப்பா வீட்டில் சுவருக்குள் ஓடிய குழாய் வெடித்து, தரை முழுக்கப் பெயர்த்துப் போட வேண்டி வந்தது. வேலை முடிகிற வரை அப்பாவும் அம்மாவும் பாப்பா வீட்டில் தங்குவதென்று ஏற்பாடு. மாமியார் ஊரில் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. ஒரு பார்வையில் இரண்டு பேரையும் உட்கார வைத்திருப்பார். அவர் மூத்த மகளின் பிரசவத்துக்காகப் போயிருந்தார்.

அந்த மாதம்தான் இரண்டு பேரும் புது ஃபோன் வாங்கியிருந்தார்கள். ஃபோன் கடையிலேயே வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஆளுக்கொரு கடையில். டிரைவருடையது தடியாக, செங்கல் மாதிரி இருக்கும். சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாகச் சாயும். இன்ஸ்பெக்டருடையது மெல்லிசு. நாலைந்து ஃபோன்களை ஒப்பிட்டு யார் யாரோ எழுதியதையெல்லாம் ஒரு வாரம் படித்துவிட்டு வாங்கியது.

சண்டை என்று சொல்லிவிட முடியாது. சம்பந்திகள் எங்கே சண்டை போடுவார்கள்? மரியாதைதான் நடந்தது. காலையில் டீ டம்ளரோடு எதிரெதிரே உட்கார்ந்ததும் இன்ஸ்பெக்டர் ஆரம்பிப்பார்.

"உங்களுதுல எவ்வளவு இருக்கு, சம்பந்தி?"

"எழுபத்தெட்டு. நேத்து காலையில போட்டது. உங்களுது?"

"எண்பத்திரண்டு."

"நீங்க யாருக்கும் பேசறதே இல்லையே, சம்பந்தி. அப்புறம் எப்படிக் குறையும்?"

"உங்களுதுல டார்ச் எரிஞ்சுக்கிட்டே இருக்கு பாருங்க. அணைச்சுடுங்க, பாவம்."

இப்படியே ஒரு வாரம் போயிற்று. சட்னியைத் தள்ளி வைப்பது போல் இருவரும் ஒருவர் எண்ணை ஒருவர் தள்ளி வைத்தார்கள். பேச்சில் பன்னீர் தெளித்திருந்தது, உள்ளே மிளகாய். கடைசியில் இன்ஸ்பெக்டர் பொறுக்க முடியாமல் பாப்பாவைக் கூப்பிட்டார். இரண்டு ஃபோனையும் ஒரே மாதிரி ஓட்டாமல் ஒப்பிடுவது, ஒரு தட்டில் பஞ்சையும் இன்னொரு தட்டில் இரும்பையும் வைத்துவிட்டுத் தராசைப் பார்க்காமலே பேசுவது போல என்றார். ஆகவே முறையான சோதனை ஒன்று நடக்க வேண்டும். நடுவர் பாப்பா.

பாப்பா நழுவப் பார்த்தாள். எப்படி உபயோகிக்கிறோம் என்பதைப் பொறுத்தது மாமா என்று கடையில் சொல்வதையே சொன்னாள். அது வாடிக்கையாளர்களிடம் எடுபடும். இந்த இரண்டு பேரிடம் எடுபடவில்லை.

நிபந்தனைகளை இன்ஸ்பெக்டர் வாய்மொழியாகவே அறிவித்தார். இரண்டு ஃபோனும் முழு சார்ஜில் தொடங்க வேண்டும். சிம் கார்டைக் கழற்றிப் பழைய ஃபோனில் போட்டுவிட வேண்டும். வெளிச்சம், சத்தம் இரண்டும் சமம். ஒரே வீடியோ, முன்கூட்டியே இறக்கி வைத்தது. ஹாலில் ஷோகேஸ் மேல், வெயில் படாத இடத்தில், ஒரே அளவு டம்ளர்களில் சாய்த்து வைக்க வேண்டும். இரவில் அணைத்து பீரோவில் பூட்டிச் சாவி நடுவரிடம். கடைசி நிபந்தனையைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். சந்தேகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதால், ஹாலை விட்டு ஒருவர் எழுந்தால் இன்னொருவரும் எழ வேண்டும். கடைக்குப் போனாலும் வாக்கிங் போனாலும் சேர்ந்தே போக வேண்டும்.

டிரைவர் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். எந்த ஓட்டுநரும் சோதனை ஓட்டத்துக்குப் பயப்பட மாட்டான் என்றார்.

வீடியோவைத் தேடிக் கொடுத்தது பாப்பாவின் கணவன். பல்செட் செய்யும் கூடத்தில் வேலை அவனுக்கு. நாள் முழுக்க மற்றவர்களின் வாய்க்குள் பொருந்துகிற மாதிரி ராவி ராவிச் சரிசெய்கிறவன். வீட்டிலும் அதே குணம். எங்கேயோ ஒரு மலைப்பாதையில் ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடி வழியாக எடுத்த படத்தைக் கண்டுபிடித்தான். கதை கிடையாது, ஆள் கிடையாது. ரோடு, வளைவு, மரம், மறுபடி வளைவு. முடிந்தால் தானாக முதலிலிருந்து ஓடும். டிரைவருக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டருக்கு ஆட்சேபம் சொல்ல எதுவும் இருக்காது என்பது அவன் கணக்கு.

சனிக்கிழமை காலை சோதனை தொடங்கியது. இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் இரண்டு திரைகளைத் தொட்டன. இரண்டு பஸ்கள் கிளம்பின. ஒன்று மற்றதைவிட ஒரு நொடி பின்னால் வந்ததால் ஒவ்வொரு ஹாரனும் இரண்டு தடவை கேட்டது. வீடு மலையடிவாரம் மாதிரி எதிரொலிக்க ஆரம்பித்தது. பாப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினாள்.

கடையில் கூட்டம். நடுவில் பழைய ஃபோன்களிலிருந்து அழைப்புகள். முதலில் மாமனார்: உங்கப்பா ஃபோன் ஒரு பர்சன்ட் முன்னால் இருக்கிறது, இது ஆரம்பக் கட்டம்தான், தெரிவிக்க வேண்டியது கடமை என்று தெரிவித்தார். பிறகு அப்பா: ஃபோனைப் பற்றிப் பேச்சே இல்லை. வீடியோவில் பஸ் ஓட்டுகிறவனைப் பற்றித்தான் புகார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிறானாம். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி அவனுக்கு நினைப்பே இல்லையாம். மூன்றாவது அழைப்பு கணவனிடமிருந்து. அரை நாள் வேலை முடித்து வீட்டுக்கு வந்திருந்தான். சமையலறைக்குள்ளிருந்து பேசுகிற குரல்.

"உங்கப்பா தோத்துட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? குழாய் வேலை முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கு. தினமும் காலையில டீ குடிக்கும்போது எங்கப்பா அதையே சொல்லிக் காட்டுவாரே."

"அதுக்கு நாம என்ன பண்ண முடியும்? எதுவும் பண்ணாதீங்க."

"நான் என்ன பண்ணப் போறேன்" என்றான் அவன். எதையோ பண்ணப் போகிறவன் குரல் அது என்பது அப்போதே பாப்பாவுக்குப் பட்டிருக்க வேண்டும். எதிரில் ஒருவர் ஃபோனைத் தூக்கி எடை பார்த்துக்கொண்டு நின்றதால் படவில்லை.

சாயங்காலம் அவள் திரும்பியபோது இரண்டு பஸ்களும் இன்னும் மலை ஏறிக்கொண்டிருந்தன. இரண்டிலும் அறுபதுக்கு மேல். பாப்பாவுக்கு இடித்தது. கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாள் முழுக்க வீடியோ ஓடும் ஃபோன்களை அவள் அறிவாள். சாயங்காலத்துக்குள் அவை சாப்பாட்டு நேரத்துக் குழந்தை மாதிரிச் சிணுங்க ஆரம்பித்துவிடும். ஆனால் இரண்டு கிழவர்களின் முகத்திலும் அப்படியொரு பூரிப்பு. தங்கள் ஃபோனைப் பெற்று வளர்த்தவர்கள் மாதிரி நின்றார்கள். அதைக் கெடுப்பானேன் என்று ஃபோன்களை அணைத்து பீரோவில் பூட்டிவிட்டுப் படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சோதனை தொடர்ந்தது. டிரைவரும் இன்ஸ்பெக்டரும் சேர்ந்து பேப்பர் வாங்கப் போனார்கள், சேர்ந்து திரும்பினார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டு, நிபந்தனைப்படி சேர்ந்தே தூங்கினார்கள். ஒரே அறையில், ஆளுக்கொரு ஓரத்தில், குறட்டையில் மட்டும் போட்டி. பாப்பாவுக்கு அன்று மதியத்தோடு வேலை முடிந்தது. அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது இருவரும் அப்போதுதான் எழுந்து ஷோகேஸ் முன்னால் நின்றிருந்தார்கள். 

தூங்கப் போகும்போது முப்பத்தெட்டு காட்டிய இன்ஸ்பெக்டர் ஃபோன் இப்போது ஐம்பத்தைந்து காட்டியது. பேப்பர் வாங்கப் போகுமுன் நாற்பத்தொன்பதாக இருந்த டிரைவர் ஃபோன் திரும்பி வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தது என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஓடுகிற ஃபோனில் சார்ஜ் இறங்கும். நிற்கும் என்றுகூட ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏறுமா?

அப்படியும் இருவரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. "நல்ல ஃபோன், சம்பந்தி" என்றார் இன்ஸ்பெக்டர், டிரைவருடையதைப் பார்த்து. "உங்களுதுக்கு என்ன குறைச்சல்" என்றார் டிரைவர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் புன்னகைத்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, துணி எடுக்கப் போன பாப்பாவின் பின்னாலேயே அப்பா பால்கனிக்கு வந்தார். கொடியில் தொங்கிய துண்டைக் காரணமில்லாமல் சரிசெய்தார்.

"பாப்பா, அப்பா தோத்துடக் கூடாதுன்னு உனக்கு இருக்கிற பாசம் புரியுது. ஆனா இதெல்லாம் வேணாம்மா. எனக்கு அசிங்கமா இருக்கு."

"என்னதுப்பா வேணாம்?"

"தெரியாத மாதிரி கேக்காத. விடு. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல."

அவள் மறுக்க வாயெடுப்பதற்குள் மன்னித்துவிட்டுப் போய்விட்டார். துணியை மடித்து வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனால், அங்கே மாமனார் தண்ணீர் குடிப்பது போல் காத்திருந்தார். டம்ளர் காலி.

"பாப்பா, மாமனார்ங்கிற மரியாதையில நீ செஞ்சிருக்க. சந்தோஷம். ஆனா நான் ஆயுசு முழுக்கத் தராசுத் தட்டுல விரல் வைக்கிறவங்களைப் பிடிச்சவன். என் வீட்டிலயே..." அவளுடைய தலையைத் தொட்டுவிட்டு வெளியே போனார்.

ஒரு குற்றமும் செய்யாதவளுக்கு ஒரே சாயங்காலத்தில் இரண்டு மன்னிப்பு. பாப்பாவுக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வீட்டில் நேர்மையாக நடந்துகொண்டது தான் ஒருத்திதான் என்பதும், தன்மேல்தான் பழி என்பதும் அவளுக்குத் தாங்கவில்லை. இதைச் செய்தது யார் என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள்.

இருவரும் சேர்ந்து வாக்கிங் கிளம்பினார்கள். பாப்பா குளிக்கப் போவதாகச் சத்தமாகச் சொல்லிவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கவில்லை.

முதலில் வந்தது அம்மா. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மடித்த துண்டுக்கு நடுவில் எதையோ வைத்து, நோயாளி விழித்துவிடக் கூடாது என்கிற நடையில் வந்தாள். துண்டுக்குள் பவர் பேங்க். இன்ஸ்பெக்டரின் ஃபோனைத் தலையைத் தாங்கித் தூக்குகிற மாதிரித் தூக்கி, ட்ரிப்ஸ் ஏற்றுகிற நிதானத்தோடு வயரைச் செருகி, ஏறுகிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்த்தாள்.

அந்த நேரத்தில் கையில் நீளமான வயரோடு படுக்கையறையிலிருந்து மாப்பிள்ளை வந்தான்.

"அத்தை?"

"மாப்பிள்ளை?"

இருவரும் அசையவில்லை. ஃபோன்களில் மட்டும் பஸ் ஒரு வளைவில் திரும்பி இரண்டு தடவை ஹாரன் அடித்தது. அப்புறம் அவன் அசட்டுச் சிரிப்போடு, செய்ய வந்த வேலையை விடுவானேன் என்கிற மாதிரி, டிரைவரின் ஃபோனில் வயரைச் செருகினான். அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். நேற்று மதியம் சம்பந்தி பின்தங்கியதைப் பார்த்து அவள் கொஞ்சம் ஏற்றியிருந்தாள். சாயங்காலம் பார்த்தால் அவர் மறுபடியும் பின்தங்கியிருந்தார். தன் வீட்டுக்காரர் வாங்கிய செங்கலுக்கு இவ்வளவு வலுவா என்று ஆச்சரியப்பட்டு இன்றைக்கு இன்னும் கொஞ்சம் ஏற்றினாள். அவனும் அதையே எதிர்ப்பக்கம் செய்துகொண்டிருந்தான். இருவரும் இரண்டு நாளாக ஒருவரையொருவர் துரத்தியிருக்கிறார்கள்.

பாப்பா கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஏதாவது சொல்வதற்குள் வாசல் கதவு திறந்தது. தூறல் பிடித்துக்கொண்டதால் டிரைவரும் இன்ஸ்பெக்டரும் தலையில் கைக்குட்டையோடு பாதியிலேயே திரும்பியிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டரின் கண் முதலில் வயர்களைப் பார்த்தது. பிறகு எந்த வயர் எந்த ஃபோனில் என்று பார்த்தது. பிறகு யார் கையில் எது என்று பார்த்தது. எத்தனையோ கடைகளில் எத்தனையோ விரல்களைப் பிடித்த மனிதருக்கு இந்தக் கணக்கு மட்டும் சட்டென்று பிடிபடவில்லை.

"நீ எதுக்குடா அவர் ஃபோனுக்குப் போடற?" என்றார் மகனிடம்.

"மாமா தோத்துட்டு இங்கயே எப்படிப்பா இருப்பாரு?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார். "நீ யார் பக்கம்?"

"நாம வந்து தங்கியிருக்கிற இடம்" என்றாள் அம்மா. "ஜெயிச்சுட்டு எந்த முகத்தோட அவங்க வீட்டுல சாப்பிட உக்காருவீங்க?"

 இனி நடுவர்தான் பேச வேண்டியிருந்தது. பாப்பா குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அப்பா பால்கனியில வந்து மன்னிச்சீங்க. மாமா சமையல்கட்டுல வந்து மன்னிச்சீங்க. உங்க ஃபோன்ல சார்ஜ் ஏறினது தெரிஞ்சும் ரெண்டு பேரும் ஏன் வெளியில சொல்லல?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "அவருதும் ஏறினதைப் பார்த்தேன். சொல்லலாம்னுதான் இருந்தேன். ஆனா என்னுதும் ஏறியிருந்துதே."

"அதேதான்" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "எனக்கும் அதேதான்."

"அப்ப காலையிலிருந்து நீங்க 'நல்ல ஃபோன், நல்ல ஃபோன்'னு சொன்னது?" என்றார் டிரைவர்.

"வேற என்ன சொல்றது, சம்பந்தி?"

முதலில் சிரித்தது டிரைவர்தான். பஸ் ஸ்டார்ட் ஆகிற மாதிரி ஒரு குலுங்கல், அப்புறம் நிற்காத ஓட்டம். இன்ஸ்பெக்டர் சிரிக்கக் கூடாது என்று கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தார். பிறகு கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளியலறையில் தண்ணீர் வழிந்தோடுகிற சத்தம் கேட்டு பாப்பா ஓடினாள்.

சிரிப்பு சிரிப்பாக இருந்தாலும் சோதனை செல்லாது என்று இன்ஸ்பெக்டர் தீர்ப்பளித்தார். மறுநாள் மறுபடியும், முதலிலிருந்து. உதவியாளர்கள் யாரும் வீட்டில் இருக்கக் கூடாது. அம்மாவைக் குழாய் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்த்துவர அனுப்பிவிட்டார்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போனார்கள். ஹாலில் இரண்டு நாற்காலி, இரண்டு ஃபோன், இரண்டு சம்பந்தி.

அன்று கடைக்கு ஒரு அழைப்புகூட வரவில்லை. பாப்பாவுக்கு அதுவே பயமாக இருந்தது. மத்தியானம் அவளே கூப்பிட்டாள். மாமனார்தான் எடுத்தார். பின்னணியில் அப்பாவின் குரல் நிற்காமல் ஓடியது. எதிரே லாரி வந்தால் மலைப்பாதையில் யார் வழிவிட வேண்டும் என்பது பற்றி ஏதோ. "அப்புறம் பேசறேன் பாப்பா, ஒரு கடுமையான ஏற்றம் வருது" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது இரண்டு ஃபோனும் கறுத்துப் போய் டம்ளர்களில் சாய்ந்திருந்தன. முடிவு என்ன என்று கேட்டாள்.

"சமம்" என்றார் டிரைவர்.

"சமம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

இரண்டு வேறு ஃபோன் ஒரே நேரத்தில் அணைவது, இரண்டு வேறு வீட்டுக் குழந்தைகள் ஒரே நேரத்தில் தும்முவது மாதிரி. நடக்கலாம், அவள் பார்த்ததில்லை. இருவரும் டீ குடிக்க எழுந்து போனதும் அப்பாவின் செங்கலை எடுத்துப் பொத்தானை அழுத்தினாள். சார்ஜர் இல்லாமலே அது சமர்த்தாக உயிர் பெற்றது. பதினொன்று காட்டியது. யாரோ கையால்தான் அணைத்திருக்கிறார்கள். மாமனாருடையதை அழுத்தினாள். அது நிஜமாகவே தீர்ந்து போயிருந்தது.

நிமிர்ந்தால் மாமனார் டம்ளரோடு வாசற்படியில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாத்ரூம் போயிருந்தேன்" என்றார் மெல்லிய குரலில். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் எழுந்திருக்கணும்னு நிபந்தனை. படம் நல்ல இடத்துல ஓடிக்கிட்டிருந்தது, நீங்க பாருங்க சம்பந்தின்னு நானே விட்டுட்டுப் போயிட்டேன். திரும்பி வந்தா ரெண்டும் அணைஞ்சிருந்தது. உங்கப்பா கூரையைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. மூஞ்சி காட்டிக்கொடுத்துடுது."

"தெரிஞ்சுமா மாமா சமம்னு சொன்னீங்க?"

"சமம்தான்" என்றார் அவர். "முத்திரை குத்தியாச்சு. நீ அதை அணைச்சு வை."

அணைத்து வைத்தாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பர்சன்ட் பேச்சு எழவே இல்லை. வீடியோ மட்டும் நிற்கவில்லை. காலை டீ முடிந்ததும் இரண்டு நாற்காலிகளும் நெருங்கிப் போட்டிருக்கும். எதிரொலி தொந்தரவாக இருக்கிறதென்று ஒரு ஃபோனை அணைத்துவிட்டு ஒன்றில் மட்டும் பார்த்தார்கள். ஃபோனும் ஒரு நாள் இவருடையது, ஒரு நாள் அவருடையது. டிரைவர் எங்கே கியரைக் குறைக்க வேண்டும், வளைவுக்குள் நுழையும்போது காது எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு வருவார். இன்ஸ்பெக்டர் கேள்வி கேட்பார். நாற்பது வருட உத்தியோகத்தில் அவர் பஸ்ஸில் எப்போதும் நடு ஸீட்டில் உட்கார்ந்து தூங்கியவர். முன்னால் இவ்வளவு நடக்கிறது என்பது அவருக்குத் தெரியவே தெரியாதாம்.

குழாய் வேலை முடிந்து தரையும் காய்ந்தது. அப்பா கிளம்புகிற பேச்சையே எடுக்கவில்லை. அம்மாதான் பெட்டியைக் கட்டினாள். கிளம்புவதற்கு முந்தின நாள் இரண்டு பேரும் காலையிலேயே காணாமல் போனார்கள். மலைக்குப் போகும் பஸ்ஸில் முன் ஸீட்டில் உட்கார்ந்து போய்விட்டு, அதிலேயே திரும்பி வருவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எதற்காகப் போகிறார்கள் என்று அவள் கேட்டதற்கு, ரோடைப் பார்க்க என்று பதில்.

மத்தியானம் வரை ஃபோனில் படமாக வந்து குவிந்தது. முன்கண்ணாடி, வளைவு, முன்கண்ணாடி, இன்னொரு வளைவு, யாரோ ஒரு டிரைவரின் முதுகு. பிறகு நின்றுவிட்டது. பாப்பா கூப்பிட்டுப் பார்த்தாள். அப்பா ஃபோன் அணைந்திருந்தது. மாமா ஃபோனும் அணைந்திருந்தது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதை. அம்மா வாசலுக்கும் ஹாலுக்குமாக நடந்தாள். கணவன் சட்டையை மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கம் போய்த் தேடுவது என்று தெரியாமல் மறுபடி கழற்றினான். எவ்வளவு நேரம் சார்ஜ் நிற்கும் என்று கேட்டு வருகிறவர்கள் ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பது பாப்பாவுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. காத்திருக்கிற ஆளுக்கு அது ஒன்றும் அற்பக் கேள்வி இல்லை.

விளக்கு போடுகிற நேரத்துக்கு, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் மாமனார் குரல். கண்டக்டர் ஃபோனிலிருந்து பேசுவதாகச் சொன்னார். மலை மேல் சம்பந்தி வேறொரு பஸ் டிரைவரோடு பேசிக்கொண்டே நின்றதில் திரும்ப வேண்டிய வண்டியை விட்டுவிட்டார்களாம். அடுத்த வண்டியில் வருகிறார்களாம். இந்த வண்டி பாதி வழியோடு நின்றுவிடும் என்பதால் யாராவது வந்து கூட்டிப்போக வேண்டுமாம்.

"ரெண்டு ஃபோனும் என்ன மாமா ஆச்சு?"

"படம் எடுத்து எடுத்துத் தீர்ந்து போச்சு. முதல்ல போனது என்னுதுதான்."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் குறுக்கே பாய்ந்தது. "இல்ல பாப்பா, என்னுதுதான் முதல்ல போச்சு. அவருதுல அதுக்கப்புறமும் ரெண்டு படம் எடுத்தாரு."

"சம்பந்தி, அது முன்னாடியே எடுத்தது. என்னுது மெல்லிசு, அது எங்க தாங்கும்?"

"உங்களுதா தாங்காது? அன்னைக்கு ஏறவே ஏறிச்சே."

"விட்டுக்கொடுக்கறேன்னு நினைச்சு மறுபடியும் ஆரம்பிக்காதீங்க, சம்பந்தி. எனக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

பஸ் எங்கோ திரும்பியது. பயணிகள் சிரிப்பது கேட்டது. எந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும் என்று பாப்பா நாலு தடவை கேட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் ஃபோன் கை மாறுகிற சத்தம் கேட்டு, களைத்துப் போன புதுக் குரல் ஒன்று வந்தது.

"அம்மா, நான் கண்டக்டர் பேசறேன். எங்கிட்ட மூணு பர்சன்ட்தான் இருக்கு. இந்தப் பெரியவங்க ரெண்டு பேரையும் எங்க இறக்கி விடணும்னு மட்டும் சட்டுனு சொல்லிடுங்க."